முடியாத கதையை யாரிடம், எந்த நிலையில், என்ன கேட்டுக் காட்டுவது?

வரைவுப்பெட்டி:

"நாலு கதை பாதியில் நிற்கிறது, முதல் பத்தியையே திருத்திக்கொண்டிருக்கிறேன், தாண்ட முடியவில்லை." இந்தக் கேள்வி நம் மன்றத்தில் அடிக்கடி வருகிறது. முடியாததை அப்படியே யாரிடமாவது காட்டு என்று பதிலும் உடனே வந்துவிடும். எப்படிக் காட்டுவது என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. வாட்ஸப் குழுவில் சும்மா ஒட்டினால் நாலு "அருமை", இரண்டு கைத்தட்டல், ஒரு சந்திப்பிழைத் திருத்தம் வரும். எழுதியவர் முன்னைவிட இறுகிப்போவார். அதனால் முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். சிறுகதையை வைத்துச் சொல்கிறேன். ஓவியம், இசை தெரிந்தவர்கள் அவரவர் துறையைச் சேருங்கள்.

எதைக் காட்டுவது: 1,500 முதல் 2,000 சொல் வரக்கூடிய கதை என்றால் முதலில் 600 சொல் போதும். ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம் என்றால்தான் ஆள் உட்கார்ந்து படிப்பார். சம்பவம் இன்னது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முடிவு தெரிய வேண்டியதில்லை.

யாரிடம்: மூன்று பேர். ஒருவர் நிறைய வாசிப்பவர், எழுதாதவர். ஒருவர் எழுதுபவர். மூன்றாமவர் கதையில் வரும் தொழிலோ ஊரோ தெரிந்தவர். தறிப்பட்டறைக் கதை என்றால் தறி ஓட்டியவர் ஒருவர் வேண்டும். கதையில் யாருடைய சாயல் இருக்கிறதோ அவரிடம் இந்த நிலையில் காட்டாதீர்கள். "என்னைத்தானே எழுதியிருக்கே" என்ற ஒரு கேள்வியோடு பேச்சு கதையை விட்டு வேறெங்கோ போய்விடும்.

எப்படி: வரைவின் தலையில் ஒரு சீட்டு வையுங்கள். இந்த மாதிரி:

"சிறுகதை, 2-ஆம் வரைவு, 620 சொல். முடிவு இன்னும் எழுதவில்லை. அக்கா பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போவது எதனால் என்று புரிகிறதா? எந்த வரியில் கவனம் போயிற்று? எழுத்துப்பிழை இப்போது பார்க்க வேண்டாம். ஞாயிறு இரவுக்குள் சொன்னால் போதும்."

இதில் நாலு விஷயம் இருக்கிறது: நிலை, கேள்வி, வேண்டாதது, கெடு. கேள்வி "அருமை" என்று பதில் சொல்லவே முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "எந்த வரியில் கவனம் போயிற்று?" என்று கேட்டால் ஒரு வரியைக் காட்டியே ஆகவேண்டும்.

இன்னொன்று: "சும்மா கிறுக்கியது, மன்னிக்கவும், தப்பா நினைக்காதீங்க" என்றெல்லாம் முன்னால் எழுதாதீர்கள். படிப்பவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார், கதையைப் பார்க்க மாட்டார். "2-ஆம் வரைவு" என்ற இரண்டு சொல்லே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஒற்றெழுத்து:

பிழைதிருத்தும் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்.

வரைவில் ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இருந்தால் தமிழ் வாசகர் கண் அங்கேதான் போகும். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம் என்று சீட்டில் போட்டாலும் போகும், பழக்கம் அப்படி. அதற்காக முழுக்கத் திருத்திவிட்டு அனுப்பினால் இரண்டு நாள் போய்விடும். அந்தத் திருத்தத்தில் பாதி, பின்னால் வெட்டப்போகும் வரிகளில்தான் இருக்கும். நடுவழி இதுதான்: பத்து நிமிடம் மட்டும் ஒதுக்குங்கள். பாத்திரப் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா, யார் பேசுகிறார் என்று தெரிகிறதா, பொருளே மாறிப்போகும் எழுத்துப்பிழை (அரை/அறை, கரி/கறி மாதிரி) உண்டா என்று மட்டும் பாருங்கள். ஒற்று மிகுமா மிகாதா என்பதைக் கடைசி வரைவு வரை தொடவே தொடாதீர்கள். வாணி மாதிரி பிழைதிருத்தியில் போடுவதும் அப்போதுதான்.

கோப்பு: கூகுள் டாக்ஸில் கொடுத்தால் கருத்து சொல்லும் உரிமை மட்டும் கொடுங்கள், திருத்தும் உரிமை வேண்டாம். திருத்த விட்டால் நல்ல எண்ணத்திலேயே ஒருவர் உங்கள் வட்டார வழக்கை எழுத்து வழக்காக மாற்றிவிட்டுப் போவார். பழைய வடிவங்களுக்கு "வரைவு 1", "வரைவு 2" என்று பெயர் போட்டு வையுங்கள். பெயர் போட்ட பழைய வடிவம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணிந்து வெட்டும்.

பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் அனுப்பும் முன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் கைபேசியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். முடிந்தால் அச்செடுத்துக் கொடுங்கள்: ஏ4 தாள், ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் 5 செ.மீ. காலியிடம், ஐந்து வரிக்கு ஒரு முறை வரி எண். "17-ஆம் வரியில் விட்டுவிட்டேன்" என்று சொல்ல அது உதவும்.

முக்கியமானது: பல இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன. வலைப்பூவும் ஃபேஸ்புக்கும் வெளியீடாகவே கணக்கில் வரும் இடங்கள் உண்டு. அனுப்பும் எண்ணம் இருந்தால் பொதுவெளியில் 600 சொல் போடாதீர்கள், மூடிய வட்டத்தில் வையுங்கள். திருட்டுப் பயம் உள்ளவர்களுக்கு: இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பாதி எழுதியதற்கும், எழுதிய வரிகளின் அளவுக்கு, அது உண்டு. ஆனால் கருவுக்கு மட்டும் காப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். வரைவை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி தானாகவே பதிவாகிவிடும்.

பூட்டிய அலமாரி:

எதிர்ப்பக்கம் ஒன்று சொல்ல வேண்டும், இழை ஒரே திசையில் போகிறது.

விதை போட்ட இடத்தைத் தினமும் தோண்டிப் பார்த்தால் முளைக்காது. முதல் வரைவு முடியும் முன் காட்டினால் இரண்டு ஆபத்து. ஒன்று, பாராட்டு. 600 சொல்லுக்கு நல்ல பாராட்டு வந்துவிட்டால், கதை முடிந்தால் கிடைக்க வேண்டிய நிறைவு அப்போதே கிடைத்துவிடுகிறது. 2009-இல் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் குழு வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டுக் காட்டுகிறது: செய்யப்போவதைப் பிறரிடம் சொல்லி அவர்கள் அதைக் கவனித்துவிட்டால், பிறகு அதில் போடும் உழைப்பு குறைந்தது. இரண்டு, மூன்று பேர் மூன்று முடிவு சொல்வார்கள். எழுதுபவருக்குத் தன் முடிவு எது என்பதே மறந்துபோகும்.

கவிதைக்கு இந்த முறை அறவே பொருந்தாது. 12 வரிக் கவிதையில் 5 வரியைக் காட்டி என்ன கேட்பது?

வரைவுப்பெட்டி:

அலமாரி ஐயா சொல்வதில் முதல் பாதி சரி, ஆனால் அந்த ஆய்வு பேசுவது எண்ணத்தைச் சொல்வது பற்றி. "நாவல் எழுதப்போகிறேன்" என்று அறிவிப்பது வேறு, எழுதிய 600 சொல்லை வைத்து "அக்கா ஏன் எழுந்து போகிறாள் என்று புரிகிறதா" என்று கேட்பது வேறு. முதலாவதில் கேட்பவர் உங்களைப் பார்க்கிறார். இரண்டாவதில் பக்கத்தைப் பார்க்கிறார். அறிவிப்பு வேண்டாம் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். அட்டைப்பட மாதிரி, தலைப்பு வெளியீடு, "விரைவில்" எல்லாமே அறிவிப்புதான்.

முடிவு சொல்ல வருபவர்களை நிறுத்த வழி இருக்கிறது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன இயக்குநர் 1990 வாக்கில் உருவாக்கிய நான்கு படி முறை அது. நடனத்துக்கென்று வந்தது, கதைக்கும் அப்படியே பொருந்துகிறது.

1. பார்த்தவர்கள் முதலில் எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்வார்கள். நல்லது கெட்டது கிடையாது. "அந்த வாழை இலை மடிப்பு நின்றது" என்கிற அளவு.
2. படைத்தவர் கேட்பார், மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள்.
3. மற்றவர்கள் கேட்பார்கள், கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு நீட்டினீங்க?" கூடாது. "பந்திக் காட்சி இவ்வளவு நேரம் நடப்பதில் நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள்?" என்றால் சரி.
4. "பந்திக் காட்சி பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, கேட்கிறீர்களா?" என்று அனுமதி கேட்டுத்தான் கருத்து. வேண்டாம் என்று சொல்லப் படைத்தவருக்கு உரிமை உண்டு.

நம் குழுக்களில் தவறுவது மூன்றாம் படியில்தான். கேள்வி மாதிரித் தொடங்கி அறிவுரையாக முடியும். ஒருவரை நடத்துநராக உட்காரவைத்து, தீர்ப்பு கலந்த கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்ல வேண்டும். 600 சொல்லுக்கு நான்கு படியும் சேர்த்து 25 நிமிடம் போதும்.

கவிதை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பாதிக் கவிதையைக் காட்ட முடியாது. முழுக் கவிதையின் இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து, எது எங்கே மூச்சு முட்டுகிறது என்று கேட்கலாம்.

நீர்வண்ணம்:

ஓவியத்தில் காட்டும் நேரம் தப்பினால் படமே போய்விடும், அதனால் கொஞ்சம் விரிவாக.

நீர்வண்ணத்தில் பின்னால் போக முடியாது. தாலோ நீலம் மாதிரி தாளில் கறைபிடிக்கும் நிறம் ஏறிவிட்டால் துடைத்தும் வராது. ஆகவே கருத்துக் கேட்க வேண்டிய நேரம் நிறம் தொடும் முன். முதலில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, 5 x 7 செ.மீ. அளவில் மூன்று நான்கு சிறு வரைவு போடுங்கள். வெள்ளை, நடுச்சாம்பல், கருப்பு என்று மூன்றே அழுத்தம் (வெளிர், கருமை அளவு). அதைக் காட்டி "கண் முதலில் எங்கே போகிறது?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்தை மூன்றில் இரண்டு பேர் காட்டினால் பெரிய தாளுக்குப் போகலாம். இந்தச் சிறு வரைவு கசங்கினாலும் நட்டமில்லை என்பதால், குறையில்லாமல் செய்தே ஆகவேண்டும் என்று இறுகுபவர்களுக்கு இதுதான் நல்ல தொடக்கம். தடித்த 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை எடுத்து வைத்ததும் வருகிற கைநடுக்கம் இதில் வராது.

இரண்டாவது நேரம், முதல் பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு. பாதி ஈரத்தில் தூரிகையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படம் எடுத்து அனுப்பி, பதில் பார்த்துவிட்டு வந்து ஈரத் தூரிகையைத் தொட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் விரிந்து கறை விழும். பாதி காய்ந்த பூச்சுக்குள் அதிக நீர் போவதால் நிறத் துகளை அது ஓரத்துக்குத் தள்ளுகிறது. புறங்கையைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்.

படம் எடுப்பது: ஜன்னல் ஓர வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து. கைபேசியிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றி அதையும் சேர்த்து அனுப்புங்கள். நிறத்தைப் பற்றிய பேச்சு வராமல் அழுத்தத்தைப் பற்றிய பேச்சு வரும். வாட்ஸப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

கல்தச்சு:

நீர்வண்ணம் அக்கா சொன்னதற்குக் கல்லில் ஒரு சாட்சி இருக்கிறது, இணைக்கிறேன்.

மாமல்லபுரம் போகிறவர்கள் ஐந்து ரதத்தோடு திரும்பிவிடுவார்கள். ஊரின் மேற்குப் பக்கம் பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் இருக்கின்றன, முடியாதவை. மேல்தளங்கள் வடிவம் பெற்றிருக்கும், கீழே இறங்க இறங்க வெறும் பாறை. கழுகுமலை வெட்டுவான் கோயிலும், பாண்டியர் காலத்தது, 8-ஆம் நூற்றாண்டு, அப்படித்தான்: விமானம் சிற்பங்களோடு நிற்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. மேலிருந்து கீழே செதுக்கினார்கள். தச்சன் வெட்டாத பாறை மேல் நின்றே வேலை செய்யலாம், சாரம் வேண்டாம். விழும் சில்லும் இன்னும் செதுக்காத பாறையில்தான் விழும்.

மாமல்லபுரத்தின் முடியாத குடைவரைகளில் இன்னும் ஒன்று பார்க்கலாம். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கோட்டை ஆழமாக வெட்டி, நடுவில் நிற்கும் கட்டியை உடைத்தெடுத்திருக்கிறார்கள். பல்லவத் தச்சர் எப்படி வேலை செய்தார் என்று இந்தக் கட்டங்களை வைத்துத்தான் இன்று சொல்ல முடிகிறது. முடிந்த ரதத்தில் அந்த உளித்தடம் முழுக்க மறைந்துவிட்டது. இங்கே கதை எழுத வரும் பிள்ளைகள் அச்சில் வந்த கதைகளை மட்டும் பார்த்துவிட்டுத் தங்கள் வரைவை அதோடு ஒப்பிடுகிறார்கள். உளித்தடம் தெரியும் வரைவை ஒருவருக்கொருவர் பார்த்தாலே அந்த ஒப்பீடு கழன்றுவிடும். மூத்தவர்கள் தங்கள் 1-ஆம் வரைவையும் அச்சான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரிய உதவி.

தத்தகாரம்:

பாட்டுக்காரர்களுக்கு இது புதிதே இல்லை. மெட்டுக்குப் பாட்டு எழுதும் வழக்கமே முடியாததைக் கைமாற்றும் வழக்கம்தான். இசையமைப்பாளர் "தன்னன தானா" என்று தத்தகாரத்தில் பாடிக் கொடுப்பார், கவிஞர் அதில் சொல் நிரப்புவார். முடியாத நிலைக்கு ஒரு பெயரும் வடிவமும் இருப்பதால் யாரும் வெட்கப்படுவதில்லை.

அனுப்பும்போது செய்ய வேண்டியது: பல்லவி மட்டும், 40 முதல் 60 நொடி. கூடவே கட்டை (சுருதி), தாளம், நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எழுதுங்கள், "5 கட்டை, ஆதி, 92" என்கிற மாதிரி. கவிஞருக்கு எந்த அசை நெடிலாக நீள வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். குரல் பதிவாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், கைபேசி ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி (பாஸ்) கிட்டத்தட்டக் கேட்காது. ஆகவே மெட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள், ஒலிக்கலவையைப் பற்றிக் கேட்காதீர்கள். கலவைக்குக் கருத்து வேண்டுமென்றால் கோப்பை ஆவணமாக அனுப்பி, ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள்.

தப்புவது எங்கே என்றால், டம்மி வரிகள். மெட்டுப் போடும்போது இடம் நிரப்பப் போட்ட சொற்களை இருபது முறை கேட்டுவிட்டால் காது அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல வரி வந்தாலும் பிடிக்காது. கேட்பவருக்கு அனுப்பும் பதிவில் பொருள் உள்ள டம்மி வரி வேண்டாம், தத்தகாரமே போதும்.

"இது அந்தப் பாட்டு மாதிரி இருக்கே" என்று யாராவது சொன்னால் சுருங்கிப்போகாதீர்கள். முடியாத நிலையில் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள பதில் அது. எந்த இடம் என்று கேளுங்கள். பெரும்பாலும் நான்கு சுரம் மாற்றினால் விலகிவிடும். எல்லாக் கருவியும் ஏற்றிய பிறகு தெரிந்தால்தான் சங்கடம்.

படிக்கட்டு:

உளவியல் பக்கம் யாரும் தொடவில்லை, அதனால் நான்.

குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் மூன்றாகப் பிரித்தார்கள்: தன்மேல் தானே வைக்கும் அளவுகோல், பிறர்மேல் வைக்கும் அளவுகோல், பிறர் தன்மேல் வைத்திருப்பதாக நினைக்கும் அளவுகோல். காட்டப் பயப்படுபவர்களிடம் பெரும்பாலும் மூன்றாவது இருக்கும். அதைப் பேசிப் போக்குவதைவிடச் சோதித்துப் பார்ப்பது பலன் தரும்.

அனுப்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்கும் என்று எத்தனை சதவீதம் நம்புகிறேன், பயம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு. "படித்துவிட்டுப் பதிலே போட மாட்டார், 80 சதவீதம், பயம் 70." கெடு முடிந்ததும் உண்மையில் நடந்ததைக் கீழே எழுதுங்கள். ஐந்து தடவை சேர்ந்தால் அந்தத் தாளே உங்களோடு பேசும்.

படிகள் சிறிதாக இருக்கட்டும். 150 சொல், ஒருவர். அடுத்து 600 சொல், மூவர். அடுத்து முடிவில்லாத முழு வரைவு. அடுத்து ஐந்தாறு பேர் முன்னால் சத்தமாக வாசிப்பது. ஒரு படியில் பயத்தின் எண் பாதியாகும் வரை அதிலேயே திரும்பத் திரும்ப நில்லுங்கள். 70-லிருந்து 35 ஆனால் அடுத்தது.

கூடவே கைவிட வேண்டியவை: அனுப்பிவிட்டு அழிப்பது, நீலக் குறி வந்ததா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பது, பதில் வருவதற்குள் திருத்திய இரண்டாம் வடிவத்தை அனுப்புவது. இவை அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று மனம் கற்றுக்கொள்ள விடாது. தெரிந்தே ஓர் எழுத்துப்பிழையை விட்டு அனுப்புவதும் நல்ல பயிற்சி. 2000-இல் தாமஸ் கிலோவிச் குழு வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் சட்டை போட்டு அறைக்குள் போனவர்கள், உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கிட்டத்தட்ட நாலில் ஒருவர்.

தூக்கம், சாப்பாடு, வேலை கெடும் அளவுக்கு இந்தப் பயம் இருந்தால் இந்த இழை போதாது, உளவியலாளரைப் பாருங்கள்.

புதுவரவு:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் யார் சொன்னதை எடுப்பது? எத்தனை சுற்று காட்டலாம்?

ஒற்றெழுத்து:

முதல் கேள்விக்கு: மூவரும் ஒரே இடத்தைக் காட்டி வேறு வேறு தீர்வு சொன்னால், இடத்தை நம்புங்கள், தீர்வை விடுங்கள். பந்திக் காட்சியில் ஒருவர் "வெட்டு" என்பார், ஒருவர் "விரி" என்பார், ஒருவர் "முன்னால் கொண்டுபோ" என்பார். அங்கே ஏதோ இடறுகிறது என்பது மட்டும் உறுதி. எதனால் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. ஒருவர் மட்டும் காட்டிய இடத்தைக் குறித்து வைத்துவிட்டு அடுத்த வரைவு வரை சும்மா விடுங்கள். தறி தெரிந்தவர் "ஊடு நூல் அப்படி அறாது" என்றால் மட்டும் ஒரே குரலானாலும் உடனே திருத்துங்கள்.

பூட்டிய அலமாரி:

சுற்றுக் கணக்குக்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் காட்டும் முறையே புதுச் சிக்கலாக மாறுகிறது. திருத்தித் திருத்தி முடிக்காதவர், காட்டிக் காட்டி முடிக்காதவராக ஆகிவிடுவார். சிறுகதைக்கு இரண்டு சுற்று. முதல் சுற்று 600 சொல்லில். அதன்பின் கதவை மூடிக்கொண்டு முடிவு வரை யாருக்கும் காட்டாமல் எழுதுங்கள். இரண்டாவது சுற்று முழு வரைவில், புதிதாக இரண்டு பேரிடம். பழைய மூவரிடம் வேண்டாம், முதல் வரைவு அவர்கள் மனதில் இருப்பதால் கதையில் உள்ள இடைவெளியை அவர்களே நிரப்பிப் படிப்பார்கள்.

வரைவுப்பெட்டி:

ஐயா சொன்னபடியே செய்யலாம். இரண்டாம் சுற்றின் கெடுவுக்கு ஏழு நாள் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் குறியுங்கள், அன்று இதழுக்குப் போகும் என்று. கருத்துகளைக் கொட்டியபடியே திருத்தாமல் மூன்றாகப் பிரியுங்கள்: புரியாமல் போனவை, இடறியவை, சுவை சார்ந்தவை. முதல் இரண்டைப் பாருங்கள், மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

புதுவரவு, உங்கள் 600 சொல்லை வெள்ளிக்கிழமைக்குள் மூடிய பகுதியில் போடுங்கள். தலையில் சீட்டு இருக்கட்டும். நீர்வண்ணம் வாசிப்பவராக வருகிறேன் என்று தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். கதையில் தறி வருகிறதா, வேறு தொழிலா என்று சொன்னால் மூன்றாவது ஆளை நான் தேடித் தருகிறேன்.